பலாக் கிற்றாரும் மதலேனாவின் நேர்த்தியும்

நாலாவது தடவையும் கம்பி அறுந்தது.

தலைமயிர்த் தடிப்புக் கம்பி. பெரியவர்களின் தலைமயிர் இல்லை, தொட்டில் பிள்ளையின் தலைமயிர். அதைக் காந்தத்தைச் சுற்றி ஐயாயிரம் சுற்று சுற்ற வேண்டும். நான் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சத்தில் நின்றேன். அந்த நேரம் பார்த்து மாமி குசினிக்குள் இருந்து, "தம்பி, தேத்தண்ணி ஊத்தட்டோ?" என்று கேட்டார். நான் "ஓம்" என்றேன். "ஓம்" வாயால் வெளியே வந்த அதே நேரம் கை ஒரு நெல்லளவு கூட இழுத்துவிட்டது. டிக். முடிந்தது கதை.

எழும்பிப் போய்க் கிணற்றடியில் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதமாட்டேன். தேத்தண்ணியும் ஆறிப்போனது.

எங்கள் கோயில் அந்தோனியார் பெருநாளுக்குப் பதினொரு நாள் இருந்தது. அதற்குள் இந்தக் கிற்றார் சத்தம் போட வேண்டும். போடாவிட்டால் நான் சாகுமட்டும் மாமாவின் கரைவலை இழுக்க வேண்டும். இது மற்றவர்கள் போட்ட சட்டம் இல்லை. நானே என் வாயால் போட்டது.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒளித்து என்ன செய்ய?

என் பெயர் யோசெப். வயது பத்தொன்பது. ஒன்பதாம் வகுப்பில் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன், பள்ளிக்கூடமும் என்னை விட்டது, இரண்டு பேருக்கும் அழுகை வரவில்லை. பெடியன் ஊர் சுற்றுகிறான், காலைக் கட்டினால் சரிவரும் என்று வீட்டில் கலியாணம் பேசினார்கள். கட்டினார்கள். ஒன்பது மாதம் ஆகிறது. பெண்சாதி மதலேனா என்னைவிட ஏழு மாதம் மூப்பு. இதை யாரும் கேட்காமலே அவள் சொல்லுவாள்.

எங்கள் முல்லைத்தீவுக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. வீடு அவளுடையது. வளவு அவளுடையது. கிணறு, கோழி, தையல் மெசின், எல்லாம் சீதனம். நான் கொண்டுபோனது ஒரு தகரப் பெட்டி, ஒரு சைக்கிள், நாலு உளி, ஒரு சீவுளி. மரவேலை யாரிடமும் பழகவில்லை. மரத்தைக் கண்டால் கை சும்மா இராது, அவ்வளவுதான்.

மாமா மரியநாயகம், மதலேனா 'அப்பு' என்று கூப்பிடும் தகப்பன், கரைவலைச் சம்மாட்டி. வலை அவருடையது. தோணி வலையைக் கடலுக்குள் வளைத்துப் போட்டுவிட்டு வரும். கரையில் நிற்பவர்கள் இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒரு தடவை போட்டு இழுப்பது ஒரு பாடு. ஒரு பாட்டுக்கு மூன்று மணித்தியாலம் போகும். மாமா முன்னால் நின்று அம்பாப் பாட்டு எடுத்துக் கொடுப்பார், நாங்கள் இழுத்துக்கொண்டே திருப்பிப் பாட வேண்டும். மூச்சு விடவே வழி இல்லாத இடத்தில் பாட்டு வேறு. கலியாணம் முடிந்து ஆறு நாள் இழுத்தேன். ஏழாம் நாள் சோற்றைக் குழைக்க விரல் மடங்கவில்லை. மதலேனா ஊட்டிவிட்டாள். மாமா அதைக் கண்டுவிட்டார்.

"என்ன புள்ள, மருமோனுக்கு இன்னும் பல்லு முளைக்கேல்லையோ?"

அன்றைக்கே முடிவு எடுத்தேன். இந்தக் கயிற்றால் நான் சாகப்போவதில்லை. எனக்கு வேறு வழி ஒன்று வேண்டும்.

வழி முடி வெட்டும் கடையில் கிடைத்தது. பட்டினத்துக் கடைச் சுவரில் ஏதோ இங்கிலீசுப் புத்தகத்தின் தாள் ஒட்டியிருந்தது. வெள்ளைக்காரப் பெடியன் ஒருவன், கையில் சிவப்பு நிறத்தில் ஒரு கிற்றார். ஆனால் கிற்றாருக்கு வயிறு இல்லை. ஓட்டையும் இல்லை. சும்மா தட்டைப் பலகை. இது எப்படிச் சத்தம் போடும் என்று கேட்டேன். "அது எலக்ரிக் தம்பி, கம்பிக்குக் கீழ காந்தம் இருக்கு" என்றார் முடி வெட்டுபவர். எனக்கு அரைத் தலை வெட்டியிருந்தது. மற்ற அரை வெட்டி முடிவதற்குள் என் வாழ்க்கை தீர்மானமாகிவிட்டது. பலகை அறுக்க எனக்குத் தெரியும். வயிறு வளைக்கத்தான் தெரியாது. வயிறே இல்லாத கிற்றார் எனக்காகவே செய்தது. கலியாண வீடுகளுக்கு வாசிக்கப் போவேன். கோழிப் பிரியாணி சாப்பிடுவேன். கயிறு பிடிக்கமாட்டேன்.

மதலேனாவிடம் சொன்னேன். அவள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"கரண்ட் கிற்றாரோ?"

"ஓம்."

"எங்கட ஊரில கரண்ட் எங்க இருக்கு?"

"அப்புவின்ர றேடியோ இருக்குத்தானே. அது பற்றறியில பாடுது. பின்னால கிராமபோன் குத்திற ஓட்டை ரெண்டு இருக்கு. அதுக்க குத்தினா கிற்றாரும் பாடும்."

"அப்ப அப்பு செய்தி கேக்கிறதில்லையோ?"

"செய்தி முடிய வாசிப்பன்."

"செய்தி முடியப் பற்றறியும் முடிஞ்சிருக்கும்."

இப்படித்தான் அவள். ஒரு ஆசையை வைத்தால் அதன் அடியில் ஓட்டை இருக்கிறதா என்றுதான் முதலில் தட்டிப் பார்ப்பாள்.

மத்தியானச் சாப்பாட்டில் மாமாவுக்கும் மாமிக்கும் முன்னால் எழும்பி நின்று சொன்னேன். "பெருநாளுக்குள்ள என்ர கிற்றாரில சத்தம் வந்தா நான் வலைக்கு வரமாட்டன். வராட்டி சாகுமட்டும் வலை." சாகுமட்டும் என்று சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. வீரம் வந்தால் எனக்கு இரண்டு சொல் கூட வந்துவிடும். மாமா மீன் முள்ளை எடுத்து வைத்துவிட்டு, "சரி, பெருநாள் மட்டும் நீர் கயித்தில கை வைக்கத் தேவையில்லை" என்றார். மூன்று மாதம் கிடைத்தது.

"சாகுமட்டும் எண்டு நீங்களே சொன்னனீங்கள்" என்றாள் மதலேனா. குழம்பு ஊற்றிக்கொண்டே.

பலகை தேடினேன். அறுபத்தி நாலாம் ஆண்டுப் புயலில் விழுந்த பலாவை அறுத்துக் குசினிக் கூரையின் கீழ் அடுக்கியிருந்தார்கள். ஒன்றரை வருடம் புகை குடித்துக் காய்ந்த பலகை. தட்டினால் மணிபோல் கேட்கும். அதுவும் சீதனப் பலா.

"ஒரு பலகை எடுக்கட்டோ?"

"எது?"

"உந்த ஒண்டரை அங்குலத் தடிப்பு."

"அது அலுமாரிக்கு."

"அலுமாரியை வாசிக்கேலாது."

"கிற்றாருக்க சீலை வைக்கேலாது."

இரண்டு நாள் கழித்து அவளே பலகையை இறக்கித் தந்தாள். மிஞ்சுகிற துண்டில் குசினிக்கு ஒரு தட்டு அடிக்க வேண்டும் என்ற பேச்சில். முதல் அடித்தது தட்டுத்தான். கிற்றார் பிறகு.

உடம்பு நன்றாக வந்தது. பொய் சொல்லமாட்டேன், அழகாக வந்தது. மஞ்சள் நிறம், சீவுளி போட்ட இடமெல்லாம் வெண்ணெய். பிழைத்தது கழுத்தில். கழுத்துக்கு முதிரை. இரும்புக்குத் தம்பி அந்த மரம். கழுத்தில் குறுக்கே பதினெட்டுப் பித்தளைக் கம்பி பதிக்க வேண்டும். எந்த எந்தத் தூரத்தில் என்று பட்டினத்தில் றேடியோ திருத்துகிற கனகலிங்கத்தாரிடம் கேட்கப் போனேன். அவர் மண்டலின் வாசிப்பவர்.

"தம்பி, நரம்பின்ர முழு நீளத்தைப் பதினெட்டால பிரியும். வாற தூரத்தில முதலாவது" என்று தொடங்கினார்.

நான் சைக்கிளில் ஏறிவிட்டேன். அவர் பின்னால் ஏதோ சொன்னார். காற்று எதிர்க்காற்று.

மூன்று கிழமை அறுத்தேன், செதுக்கினேன், பதினெட்டுக் கம்பியையும் ஒரே தூரத்தில் பதித்தேன். தண்டவாளத்துக்குச் சிலிப்பர் கட்டை போட்டதுபோல் அச்சொட்டாக இருந்தது. பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். கனகலிங்கத்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"தம்பி, நான் சொன்னது கேட்டதோ? முதலாவது போட்டாப்பிறகு மிச்ச நீளத்தைத் திரும்பப் பதினெட்டால பிரிக்கவேணும். பிறகும் மிச்சத்தைப் பிரிக்கவேணும். போகப்போக இடைவெளி ஒடுங்கிக்கொண்டு போகும். இது கிற்றார் இல்லை. ஏணி."

கணக்கு வராதென்றுதான் பள்ளிக்கூடத்தை விட்டேன். கணக்கு என்னை விடவில்லை. சைக்கிளில் பின்னால் ஏறி வந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து அந்தக் கழுத்தை வேலியோடு எறிந்தேன். மறுநாள் விடியப் பார்த்தால் அது கோழிக்கூட்டு வாசலில் சாய்ந்து நிற்கிறது. மதலேனாவின் வேலை. கோழிகள் வரிசையாக ஏறின. ஒரு பேடு ஏழாவது பித்தளையில் நின்று கழுத்தைச் சரித்து என்னைப் பார்த்தது. முல்லைத்தீவிலேயே முதிரை ஏணியில் ஏறும் கோழிகள் எங்களிடம்தான்.

இரண்டாம் கழுத்துக்குக் கணக்கு மதலேனா போட்டாள். கன்னியாஸ்திரிமாரிடம் படித்தவள். பதினெட்டுத் தடவை பிரித்தல், அடுப்பில் சோறு கொதிக்கிற நேரத்துக்குள். நான் அறுத்தேன். சரியாக வந்தது. எனக்குச் சந்தோசம் வரவில்லை, களைப்புத்தான் வந்தது.

கடைசியாகக் காந்தம். கனகலிங்கத்தார் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தமும், எரிந்துபோன ஏதோ பெட்டியில் இருந்து கழற்றிய இந்த மயிர்க் கம்பியும் தந்தார். ஐயாயிரம் சுற்று என்றார். இந்த முறை முழுவதும் கேட்டுவிட்டுத்தான் சைக்கிளில் ஏறினேன். கேட்டு என்ன? முதல் நாள் முந்நூற்றில் அறுந்தது. பிறகு எண்ணூற்றில். பிறகு தொள்ளாயிரத்தில். பிறகு மாமியின் தேத்தண்ணி.

இப்போது கிணற்றடிக்குத் திரும்பி வரலாம். நான் துலாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மதலேனா வாளியோடு வந்தாள்.

"இஞ்சேருங்கோ."

"என்ன?"

"நேத்திக்கடன் ஒண்டு வைப்பமோ?"

"ஆருக்கு?"

"எங்கட அந்தோனியாருக்குத்தான். தொலைஞ்ச சாமான் எடுத்துத் தாறவர்."

"என்ன தொலைஞ்சது?"

"உங்கட புத்தி."

எனக்குச் சண்டை பிடிக்கவும் பலம் இருக்கவில்லை. "வை" என்றேன்.

"என்ன நேத்தி எண்டு கேக்கேல்லை?"

"என்ன, ஒரு கட்டு மெழுகுதிரி."

"அது தடிமன் காய்ச்சலுக்கு. இது ஐயாயிரம் சுத்து."

"அப்ப ஒரு சேவல்."

"நான் சொல்லமாட்டன். நேத்தியை நிறைவேற முதல் வாய்விட்டுச் சொன்னாப் பலிக்காது. தெரியாதோ?"

தெரியும். எங்கள் கரையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நேர்ந்தவருக்கும் அந்தோனியாருக்கும் மட்டும் தெரிய வேண்டிய விசயம் அது. காரியம் நடந்தபிறகுதான் வெளியே சொல்லுவார்கள். எனக்குச் சின்னமுத்துக் காய்ச்சல் வந்தபோது அம்மா என்ன நேர்ந்தார் என்று எனக்கு வருத்தம் மாறினபிறகுதான் தெரிந்தது. மடு மாதா கோயிலுக்கு நடத்திக் கொண்டுபோய் மொட்டை அடித்தார்கள். நேர்ந்தது அம்மா. மொட்டை எனக்கு. அப்போதே பாடம் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை. படிப்பில் நான் எப்போதும் அப்படித்தான்.

"உங்கட பேரில வைக்கட்டோ, என்ர பேரில வைக்கட்டோ?"

"கிற்றார் என்ர. என்ர பேரில வை."

"பிறகு மாட்டன் எண்டு சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டன். சத்தம் மட்டும் வரட்டும், என்ன கேட்டாலும் குடுப்பன்."

"ஆமென் சொல்லுங்கோ."

"ஆமென்."

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு முக்காட்டைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனாள். அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்து, கை கழுவித் துடைத்து, தையல் மெசினைத் தூக்கிக் கதிரைக்கு முன்னால் வைத்தாள்.

"தள்ளுங்கோ."

"என்ன செய்யப்போறாய்?"

"சுத்தப்போறன்."

"உனக்கு இதைப்பற்றித் தெரியாது, இது மயிர்க் கம்பி—"

"நான் அஞ்சு வயசில இருந்து வலை பொத்திறன். ஒரு இழை எவ்வளவு தாங்கும் எண்டு என்ர கைக்குத் தெரியும். தள்ளுங்கோ."

தையல் மெசினில் நூற்கட்டைக்கு நூல் சுற்றுகிற சின்னச் சில்லு ஒன்று இருக்குமே, அதில் என் காந்தத்தை மெழுகு வைத்து ஒட்டினாள். கைபிடியைச் சுழற்றினால் சில்லுக் கடகடவென்று ஓடியது. மற்றக் கையின் இரண்டு விரலுக்கு நடுவில் கம்பி. எண்ணுவது எப்படி என்று கேட்டேன். செபமாலையை எடுத்து என் கையில் தந்தாள். மணிக்கூட்டைப் பார்த்து முதலே அளந்துவிட்டாளாம். அவள் கைபிடி சுழற்றுகிற வேகத்தில் ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லி முடியச் சில்லு நூறு சுற்று ஓடும். ஒரு மந்திரத்துக்கு நான் ஒரு மணி தள்ள வேண்டும். ஐம்பது மணி, ஐயாயிரம் சுற்று.

அவள் செபித்தாள். நான் மணி தள்ளினேன். நடுவில் மாமி, "தம்பி, தேத்தண்ணி" என்று தொடங்கினார். மதலேனா செபத்தை நிறுத்தாமல் ஒரு பார்வை பார்த்தாள். மாமி குசினிக்குள் போய்விட்டார்.

கால் மணித்தியாலம். அறவில்லை. நான் நாலு தடவை மாரடித்த வேலை. நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. செபமாலையை மட்டும் திருப்பிக் கொடுத்தேன்.

ஆனால் சத்தம் வரவில்லை. நரம்பு ஆறும் யாழ்ப்பாணத்தில் இருந்து எடுப்பித்தது, வந்துசேர ஒரு கிழமை போனது. பூட்டினேன், முறுக்கினேன், வயரை றேடியோவின் பின்னால் குத்தினேன். றேடியோ "ஸ்ஸ்" என்றது. அடித்தேன். "ஸ்ஸ்." ஓங்கி அடித்தேன். "ஸ்ஸ்." ஊரில் யாரோ என்னைப் பேசாமல் இருக்கச் சொல்வதுபோல் இருந்தது. இரண்டு நாள் கழற்றினேன், பூட்டினேன். பெருநாளுக்கு மூன்று நாள். மூன்றாம் நாள் படுத்துவிட்டேன். பகல் வெளிச்சத்தில், பாயில், சுவரைப் பார்த்துக்கொண்டு.

மதலேனா கிற்றாரைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இந்தக் கம்பி என்ன நிறம்?"

"செம்பு. சிவப்பு. விடு என்னை."

"அறுந்து கிடக்கிற துண்டுகள் அறுந்த இடத்தில மினுங்குது. நீங்கள் வயரோட முடிஞ்ச நுனி மினுங்கேல்லை. மேல என்னவோ பூசிக்கிடக்கு."

"வார்னிஷ். ஒண்டோடை ஒண்டு முட்டாமல் இருக்கப் பூசிறது."

"வார்னிஷுக்கால கரண்ட் போகுமோ?"

நான் எழும்பி இருந்தேன்.

"செதிள் எடுக்காமல் மீனைச் சட்டிக்க போட்டிட்டு, உப்புப் பிடிக்கேல்லை எண்டு படுத்துக் கிடக்கிறியள்" என்றாள். நெருப்புக்குச்சியைக் கிழித்து இரண்டு நுனியையும் சுட்டாள். சவர பிளேட்டால் சுரண்டினாள். மினுங்கியது. திரும்பவும் வயரோடு முடிந்து தந்தாள்.

தடித்த நரம்பில் ஒரு அடி அடித்தேன்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வெண்கலக் கிடாரத்துக்குள் மாடு ஒன்று விழுந்து கத்தினால் அப்படி இருக்கலாம். யன்னல் கதவு அதிர்ந்தது. கோழிகள் முதிரை ஏணியில் இருந்து கொட்டுண்டன. மாமி குசினியில் இருந்து, "யேசுவே, றேடியோ வெடிச்சிட்டுது!" என்று ஓடி வந்தார். வேலிக்கு மேலால் அயலட்டைத் தலைகள் முளைத்தன. கரையில் இருந்து மாமா ஓடி வந்தார், கையில் கயிற்றோடு.

"என்ன சத்தம்? கப்பல் ஏதும் தரை தட்டிட்டுதோ?"

என் வாழ்க்கையிலேயே நல்ல நிமிடம் அதுதான். கிற்றாரை மார்பில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

"மாமா, நான் சொன்ன சொல்லைக் காப்பாத்திப்போட்டன். பெருநாளுக்கு இன்னும் ரெண்டு நாள் கிடக்கு. இனி வலைக்கு வேற ஆளைப் பாருங்கோ."

மாமா கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் மகளைப் பார்த்தார். மகள் முக்காட்டைச் சரி செய்தாள்.

"காரியம் நடந்திட்டுது. இனி நேத்தியைச் சொல்லலாம்" என்றாள்.

"சொல்லு, சொல்லு. சேவலோ, ஆடோ? எல்லாம் குடுப்பன்."

அவள் கையைக் கூப்பிக்கொண்டு, கோயிலில் சொன்னதை அப்படியே சொன்னாள். வேலிக்கு மேலால் தெரிந்த தலைகளுக்கும் கேட்கிற மாதிரி. "அந்தோனியாரே, என்ர மனிசன்ர கிற்றார் சத்தம் போட்டா, அவர் ஒரு வருசம், ஒரு பாடும் விடாமல், எங்கட அப்புவின்ர வலை இழுப்பார். உம்மட நாளான செவ்வாய்க்கிழமை அவருக்கு வாற மீன் பங்கு உமக்கு."

றேடியோ இன்னும் இரைந்துகொண்டிருந்தது. "ஸ்ஸ்."

"நில்லு" என்றேன். "சத்தம் வராட்டி?"

"வராட்டி சாகுமட்டும் வலை. அது நீங்கள் சொன்னது."

"சத்தம் வந்தா?"

"வந்தா ஒரு வருசம்தான். எவ்வளவு குறைச்சுத் தந்திருக்கிறன் எண்டு பாருங்கோ."

வேலித் தலை ஒன்று, "பொன்னான பெண்சாதி" என்றது.

"வலைக்கு வரத்தான் வேணுமெண்டா, பிறகேன் இந்தக் கம்பியைச் சுத்தித் தந்தனி? ஏன் சுரண்டித் தந்தனி? விட்டிருந்தா நான் தோத்திருப்பன்தானே?"

"தோத்தா என்ன நடக்கும்? ரெண்டு நாள் இழுப்பியள். மூண்டாம் நாள் கை நோகுது எண்டு படுப்பியள். நீங்கள் சொன்னது வெறும் வாய்ச்சொல்லு, ஆர் உங்களைக் கேக்கிறது? நேத்தி எண்டாப் படுக்கேலாது."

இதற்கு என்ன பதில் சொல்வது? உங்களுக்குத் தெரிந்தால் எழுதிப் போடுங்கள்.

"அப்ப கலியாண வீடுகள்?"

"ஞாயிற்றுக்கிழமை வலை இல்லைத்தானே. போய் வாசியுங்கோ. நான் எப்ப வேண்டாமெண்டனான்?"

"எங்கட கோயிலில ஞாயிறில ஆர் கலியாணம் முடிக்கிறது? எல்லாம் திங்களும் புதனும்தானே!"

"அது பூசை வைக்கிற சுவாமியோட கதைக்கவேண்டிய விசயம்."

மாமா உள்ளே போய் ஒரு பட்டி கொண்டு வந்தார். கயிற்றைத் தோளில் மாட்டி இழுக்கிற சாக்குப் பட்டி, புதிது, உள்பக்கம் பழைய சீலை வைத்து மெத்தென்று தைத்தது. என் தோளில் போட்டுப் பார்த்தார். அச்சொட்டான அளவு. அளவு எடுத்தது யார், தைத்தது எந்த மெசினில் என்று நான் கேட்கவில்லை.

பெருநாளன்று கோயில் முற்றத்தில் ஒன்றரைப் பாட்டு வாசித்தேன். மிச்ச அரைக்குப் பற்றறி முடிந்தது. மறுநாள் விடியக் கயிற்றில் நின்றேன்.

மூன்று கிழமை இழுத்தேன். இந்த முறை விரல் மடங்கியது, அதுதான் இன்னும் கவலை. பழகிப்போகும் போலிருந்தது. அன்று வலை கரைக்கு வந்ததும், மீனைப் பிரிக்க நில்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுவாமியிடம் போனேன். அவர் கோயிலுக்குப் பின்னால் முருங்கைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல்.

"யோசெப்பு, இதில யோசிக்க ஒண்டும் இல்லை. நேத்தி வைச்ச ஆளைத்தான் நேத்தி கட்டும். மற்ற ஆளின்ர தலையில நேத்தி வைக்கேலாது."

"நான் ஆமென் சொன்னனான் சுவாமி."

"என்ன நேத்தி எண்டு உனக்குத் தெரியுமோ?"

"தெரியாது. சொன்னாப் பலிக்காதாம்."

"தெரியாமல் சொன்ன ஆமென் உன்னைக் கட்டாது. அந்தோனியார் கோவிக்கமாட்டார். அதுக்கு நான் பொறுப்பு."

"அப்ப நான் வலைக்குப் போகத் தேவையில்லையோ?"

"நேத்திக்காகப் போகத் தேவையில்லை."

எனக்குக் கண் கலங்கியது. பிறகு ஒரு யோசனை வந்தது.

"சுவாமி, அதை ஒரு துண்டில எழுதித் தாறீங்களோ? கோயில் முத்திரை குத்தி?"

"என்னத்துக்கு?"

"மதலேனாவுக்குக் காட்ட."

சுவாமி வாளியைக் கீழே வைத்தார். "துண்டு ஒண்டும் தரமாட்டன். நீ புருசன். வீட்டை போ. அவளுக்கு முன்னால நேர நிண்டு, 'இந்த நேத்தி என்னைக் கட்டாது, நாளைக்கு நான் வலைக்கு வரமாட்டன்' எண்டு உன்ர வாயால சொல்லு. அவ்வளவுதான். நாளைக்கு எண்டு விடாதை. இண்டைக்கே சொல்லு."

வழியில் தாழம்பற்றைகளுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தி ஏழு தடவை சொல்லிப் பார்த்தேன். ஐந்தாம் தடவையே நன்றாக வந்தது. ஆறாம் தடவை கையையும் நீட்டிச் சொன்னேன். தாழை ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லை. அந்தத் துணிவோடு வளவுக்குள் இறங்கினேன்.

மதலேனா முற்றத்தில் வலையை விரித்துவைத்துப் பொத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"சுவாமி என்ன சொன்னவர்?"

"நான் அங்க போனது உனக்கு எப்பிடி…"

"மீன் பிரிக்க நிக்கேல்லை எண்டு அப்பு சொன்னவர். சைக்கிள் கோயில் பக்கம் திரும்பினதை அம்மா கண்டவா. என்ன சொன்னவர்?"

வாயைத் திறந்தேன். ஏழு தடவை சொன்ன வசனம், நாக்கு நுனியில் நின்றது. அவள் தலை நிமிர்ந்து பார்த்தாள். சும்மா ஒரு பார்வைதான். கோபம்கூட இல்லை.

"உன்னை நல்லாப் பாத்துக்கொள்ளச் சொன்னவர்" என்றேன்.

"நல்ல சுவாமி. இந்தத் தொங்கலைப் பிடியுங்கோ."

பிடித்தேன்.

இண்டைக்கே சொல்லு என்று சுவாமி சொன்னது யூலை மாதம். இது ஒக்டோபர். காலைப்பாடு இழுத்துவிட்டு வந்து, கையைக் கழுவிவிட்டு, இதை எழுதுகிறேன். நான் இன்னும் சொல்லவில்லை.